தேசத்துரோக கேஸ்னு சொன்னா முதல்ல என்ன செய்யணும்: டெல்டா ஜனங்களுக்கு ஒரு வழிகாட்டி

மறியல்ல மைக் புடிச்சு பேசினதுக்கோ வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ போட்டதுக்கோ உங்க வீட்டுப் பையன ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்க, "தேசத்துரோக கேஸாம்"னு தகவல் வருது. உடனே ஊர்ல என்ன நடக்கும்னா, அக்கம்பக்கத்துல பேச்சு கொறையும், கூட மறியலுக்கு வந்தவன் போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுவான், சொந்தக்காரங்களே "இனிமே அவன் வெளிய வர மாட்டான்"னு முடிவு கட்டிடுவாங்க. இந்த பயத்துலயே முதல் 24 மணி நேரம் போயிடுது, ஆனா ஒரு குடும்பத்தால உருப்படியா ஏதாவது செய்ய முடியிற நேரமே அதுதான். நான் டெல்டாவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன், இந்த மாதிரி பதறிப்போய் வர்ற ஆளுங்க கிட்ட திரும்பத் திரும்ப சொல்றத இங்க முழுசா எழுதிடறேன். இது வக்கீலுக்கு பதில் இல்ல, வக்கீல் வந்து சேர்ற வரைக்கும் நீங்க என்ன செய்யணும், அவர்கிட்ட என்ன கேக்கணும்ங்கிறதுக்குத்தான்.

முதல் வேலை, செக்சன் நம்பர தெரிஞ்சுக்கிறது. ஆபீஸுக்கு வர்ற பெரியவங்க "தம்பி, எம்மவன் மேல தேசத்துரோகம் போட்டுட்டாங்க"ன்னு அழுவாங்க, "அழாதீங்க மாமா, பேப்பர் ஏதாவது குடுத்தாங்களா, அதுல என்ன நம்பர் இருக்கு"ன்னுதான் நாங்க கேப்போம். ஏன்னா நம்ம சட்டத்துல தேசத்துரோகம்னு பேர் போட்ட குற்றமே கிடையாது. டிவியில சொல்றதும் ஏட்டு வாய் வார்த்தையா சொல்றதும் வேற, எஃப்ஐஆர்ல இருக்கிறது வேற. பாரதிய நியாய சன்ஹிதாவுல, அதான் 2024 ஜூலை 1லேர்ந்து ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அரசுக்கு எதிரான குற்றங்கள்னு 7வது அத்தியாயம் ஒண்ணு இருக்கு. அதுல 147 தான் தலைக்கு மேல கத்தி, நாட்டுக்கு எதிரா போர் தொடுக்கிறது, தூக்கு இல்லன்னா ஆயுள். பழைய ஐபிசி 121ம் இதுவும் ஒண்ணுதான், மும்பை தாக்குதல்ல கசாபுக்கு தூக்கு குடுத்த செக்சன்கள்ல அதுவும் ஒண்ணு. அதுக்கு சதி பண்றது 148, ஆயுதம் சேக்கிறது 149, போர் திட்டத்த தெரிஞ்சே மறைக்கிறது 150. இதெல்லாம் வயல காப்பாத்துங்கன்னு கத்தினவன் மேல ஒட்டற பிரிவே இல்ல. பேச்சுக்கும் எழுத்துக்கும் போடறது 152 தான்.

இந்த 152 பழைய 124ஏவோட இடத்துக்கு வந்தது. 124ஏ 1870ல வெள்ளக்காரன் ஐபிசியில சேத்தது, திலகர், காந்தி எல்லாரும் அதுல உள்ள போனவங்க. நம்ம வ.உ.சிக்கு 1908ல திருநெல்வேலி கோர்ட்டுல ரெண்டு ஆயுள் தண்டனை குடுத்தாங்களே, அதுவும் இதே பிரிவுதான், பின்னாடி அப்பீல்ல கொறைஞ்சுது. சுதந்திரம் வந்தும் இந்த செக்சன் போகல. கூடங்குளம் போராட்டத்துல ஆயிரக்கணக்கான மீனவ ஜனங்க மேல போட்டாங்க. 2015 அக்டோபர்ல திருச்சியில மக்கள் பாடகர் கோவன, டாஸ்மாக்க மூடச் சொல்லி பாட்டு பாடினதுக்காக விடிகாலையில வீட்டுக்கே வந்து அரஸ்ட் பண்ணப்பவும் இதே 124ஏ தான். ஒரு பாட்டு ஒரு நாட்ட கவுத்துடும்னு சட்டம் நெனச்சுதுன்னா கோளாறு பாட்டுல இல்லங்கிறது என் கருத்து. 2022 மே 11ல சுப்ரீம் கோர்ட்டு 124ஏவ நிறுத்தி வெச்சுது, புதுசா போடாதீங்கன்னு சொல்லிச்சு. அதனால உங்க கேஸ்ல சம்பவ தேதி 2024 ஜூலை 1க்கு முன்னாடின்னா பழைய சட்டம், 124ஏ இருந்தா இந்த 2022 உத்தரவ வக்கீல் கையில எடுக்கணும். தேதி அதுக்கு அப்புறம்னா 152. தேதிய முதல்ல பாருங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

152ல தண்டனை ஆயுள், இல்லன்னா 7 வருஷம் வரைக்கும், கூட அபராதம். பழசுல ஆயுள் இல்லன்னா 3 வருஷம், வெறும் அபராதத்தோட விடவும் வழி இருந்துச்சு, அதனால இது லேசான மாத்தம்னு நெனைக்காதீங்க. ஆனா ஒரு முக்கியமான விஷயம், பழைய செக்சன் "அரசாங்கத்து மேல வெறுப்ப உண்டாக்கறது"ன்னு பேசிச்சு, புதுசுல அந்த வார்த்தையே இல்ல. பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை இதத் தூண்டறது, பிரிவினை எண்ணத்த வளக்கறது, நாட்டோட இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து உண்டாக்கறது, அதுவும் வேணும்னே இல்லன்னா தெரிஞ்சே செய்யணும். பேச்சு, எழுத்து, சைகை, போன்ல அனுப்பறது, பணம் குடுக்கறது எல்லாம் அடங்கும். கீழயே ஒரு விளக்கமும் இருக்கு, அரசோட நடவடிக்கைய சட்டப்படி மாத்தணும்னு கண்டிச்சு பேசறது, மேல சொன்னத தூண்டாத வரைக்கும், குற்றம் ஆகாதுங்கிற அர்த்தத்துல.

அப்போ நம்ம ஊர் பேச்சுல எது தப்பும், எது மாட்டும்? "காவிரியில தண்ணி வாங்கித் தர வக்கில்லாத அரசு", "குழாய பதிக்க வந்தா வயல்ல படுப்போம்", "எம்பி, மந்திரி யாரும் ஊருக்குள்ள வரக்கூடாது" இதெல்லாம் எவ்ளோ காரமா இருந்தாலும் 152 ஆகாது. வயல்ல படுக்கறதுக்கு வேணும்னா மறியல் கேஸ் வரும், அது வேற. "அருவா எடுத்துட்டு வாங்க, ஸ்டேஷன கொளுத்துவோம்"னு சொன்னா கண்டிப்பா மாட்டும், 152 நிக்குதோ இல்லையோ வேற செக்சன்கள் நிக்கும். நடுவுல ஒரு சேறு இருக்கு, "இப்படியே பண்ணா தமிழ்நாடு தனியாத்தான் போகணும்"னு ஆத்திரத்துல சொல்றது. பழைய தீர்ப்பெல்லாம் பேசினவன் பக்கம்தான் நிக்குது. 1962 கேதார்நாத் சிங் தீர்ப்புல அஞ்சு நீதிபதிங்க, வன்முறையவோ பொது அமைதிய கெடுக்கறதையோ தூண்டினாத்தான் 124ஏன்னு சுருக்கிட்டாங்க. 1995ல பல்வந்த் சிங் கேஸ், இந்திரா காந்தி செத்த அன்னைக்கு சண்டிகர்ல ரெண்டு பேரு தனிநாடு கோஷம் போட்டாங்க, ரெண்டொரு தடவ கோஷம் போட்டதுல ஜனங்க யாரும் அசையல, அதனால குற்றம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு விடுதலை பண்ணிச்சு. ஆனா 152ல "பிரிவினை எண்ணத்த வளக்கறது"ன்னு அகலமா எழுதியிருக்கிறதால, மைக் புடிக்கிறவங்க அந்த ஒரு வரிய விட்டுட்டு பேசுங்கன்னுதான் நான் சொல்வேன். நம்ம கோரிக்கை தண்ணியும் நிலமும், அந்த வரி இல்லாமலே அத சொல்ல முடியும்.

சரி, கைது ஆயிடுச்சு, இப்ப மணி பாருங்க. ஒரு நோட்டுல எழுதுங்க: எத்தன மணிக்கு, எந்த இடத்துல, யார் முன்னாடி, யூனிஃபார்ம்ல வந்தாங்களா மஃப்டியா, வண்டி நம்பர். இத அன்னைக்கே எழுதுங்க, நாலு நாள் கழிச்சு கேட்டா ஆளுக்கு ஒரு நேரம் சொல்வாங்க. பின்னாடி ரிமாண்ட் ரிப்போர்ட்டுல "மாலை 6 மணிக்கு பஸ் ஸ்டாண்ட் அருகில் கைது"ன்னு இருக்கும், நீங்க காலைல 5 மணிக்கு வாசல்ல நின்னு பாத்திருப்பீங்க, அந்த 13 மணி நேரத்துக்குத்தான் உங்க நோட்டு. 24 மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியே ஆகணும், கூட்டிட்டுப் போற பயண நேரம் மட்டும்தான் கழியும், இது அரசியல் சட்டம் 22வது பிரிவுலயே இருக்கு. கைது குறிப்புன்னு ஒரு தாள் போடணும், அதுல வீட்டு ஆள் ஒருத்தரோ ஊர்ல மதிப்பான ஒருத்தரோ சாட்சி கையெழுத்து போடணும், கைதானவரும் போடணும். வெத்து தாள்ல மட்டும் யாரும் கையெழுத்து போடாதீங்க. நேரம் தப்பா எழுதியிருந்தா அப்படியே போடாம, சரியான நேரத்த பக்கத்துல எழுதி போடுங்க.

எதுக்காக கைதுங்கிற காரணத்தையும் குடுக்கணும், வாயால சொன்னா பத்தாது. 2024ல ஊபா, அதான் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அந்த கேஸ் ஒண்ணுல எழுத்துல தரணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது, 2025 நவம்பர்ல எல்லா குற்றத்துக்கும் அதுதான்னு, அதுவும் கைதானவருக்கு புரியிற மொழியில தரணும்னு சொல்லிடுச்சு. உடனே தர முடியாத நிலைமைன்னா, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்தறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது தாள் கையில இருக்கணும். அதனால வக்கீல் மேஜிஸ்ட்ரேட் முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி, "காரணம் எழுத்துல குடுத்தாங்களா, தமிழ்ல குடுத்தாங்களா, எத்தன மணிக்கு".

எந்த ஸ்டேஷன்னே தெரியலன்னா அலையாதீங்க, மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு போன் போடுங்க, கைதானவங்க விவரம் அங்க வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. அப்படியும் பிடி குடுக்கலன்னா எஸ்பி ஆபீஸுக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் ஈமெயில் அனுப்புங்க, பழைய ஆளுங்க தந்தி குடுத்தாங்களே அதே வேலைதான், அனுப்பின நேரம் பதிவாகுதுல்ல, அதுதான் நமக்கு வேணும். 24 மணி தாண்டியும் ஆள் எங்கன்னு தெரியலன்னா ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு, அதாவது ஆள கோர்ட்டு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தச் சொல்ற மனு. பொம்பளைங்கள பொழுது சாஞ்சு விடியிறதுக்குள்ள கைது பண்ணக் கூடாது, ரொம்ப விசேஷமான காரணம் இருந்தா பெண் போலீஸ் அதிகாரி எழுத்துல குடுத்து மேஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கித்தான் முடியும்.

உள்ள இருக்கிறவருக்கு ஒரு சேதி போய்ச் சேரணும், விசாரணையில சொன்ன வாக்குமூலத்துல கையெழுத்து போட வேண்டியதில்ல. போலீஸ்கிட்ட குடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது, ஆனா அதுலேர்ந்து ஒரு பொருள் எடுத்தோம்னு காட்டி உள்ள கொண்டு வருவாங்க, அதனால பேசாம இருக்கிறது நல்லது. மேஜிஸ்ட்ரேட் "அடிச்சாங்களா"ன்னு கேப்பாங்க, அப்ப பயந்துட்டு இல்லன்னு சொல்லிடக் கூடாது, டாக்டர் பாக்கும்போதும் சொல்லணும், எழுதச் சொல்லணும்.

அடுத்தது எஃப்ஐஆர். இத முழுசா படிக்கணும், வக்கீல் படிப்பாருன்னு விட்டுடாதீங்க, ஏன்னா அன்னைக்கு கூட்டத்துல இருந்தது நீங்க. முதல் பக்கத்துல செக்சன் வரிசை இருக்கும். 189(2) சட்டவிரோதமா கூடினது, 126(2) வழி மறிச்சது, 296(பி) கெட்ட வார்த்தை, 132 அரசு ஊழியர தடுத்து தாக்கினது, 351(3) மிரட்டினது, 196 ரெண்டு பிரிவுக்குள்ள பகை மூட்டினது, இதெல்லாம் மறியல் கேஸ்ல வழக்கமா வர்ற கூட்டம், இதுக்கு நடுவுல 152 ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். பெயில கஷ்டமாக்கறது அந்த ஒண்ணுதான். சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்கு தகவல் வந்த நேரம், தாமதத்துக்கு காரணம்னு தனித்தனி கட்டம் இருக்கும். கூட்டம் நடந்தது ஞாயித்துக்கிழமை, புகார் வந்தது அடுத்த வியாழக்கிழமை, தாமதக் கட்டத்துல ஒண்ணுமே இல்லன்னா அதுல ஒரு வட்டம் போட்டு வைங்க. நாட்டுக்கே ஆபத்தான பேச்ச கேட்ட அதிகாரி நாலு நாள் ஏன் சும்மா இருந்தாருங்கிற கேள்விய பெயில் மனுவுலயே கேக்கலாம். கடைசிப் பக்கத்துல கோர்ட்டுக்கு அனுப்பின தேதியும் நேரமும் இருக்கும், அதையும் பாருங்க. அப்புறம் உள்ள விவரத்துல, அவர் பேசினதுன்னு எந்த வார்த்தைய மேற்கோள்ல போட்டிருக்காங்கன்னு தேடுங்க. பல எஃப்ஐஆர்ல "நாட்டுக்கு எதிராக பேசி" அப்படின்னு மட்டும்தான் இருக்கும், என்ன பேசினாருன்னே இருக்காது. அது நமக்கு நல்லது.

காப்பி கேட்டா ஸ்டேஷன்ல "சென்சிட்டிவ் கேஸ், நெட்ல ஏறாது"ன்னு சொல்லலாம். தீவிரவாதம் மாதிரி கேஸ நெட்ல ஏத்தாம இருக்க 2016 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இடம் குடுத்திருக்கு, அதுவும் டிஎஸ்பி ரேங்குக்கு கீழ இருக்கிற ஆள் அத முடிவு பண்ண முடியாது. ஆனா கைதானவருக்கோ அவர் வக்கீலுக்கோ காப்பியே கிடையாதுன்னு அர்த்தம் இல்ல, கோர்ட்டுல மனு போட்டா ரெண்டு வேலை நாளுக்குள்ள தரணும்.

நான் பாத்த வரைக்கும் வீடியோ விஷயத்துல வீணடிக்கிற அளவுக்கு ஜனங்க வேற எதையும் வீணடிக்கிறதில்ல. கேஸ்னு கேட்டதும் முதல் வேலையா பதிவ டெலீட் பண்ணுவாங்க, போன ஃபார்மேட் பண்ணுவாங்க, அந்த க்ரூப்ப கலைப்பாங்க. செய்யாதீங்க. ஆதாரத்த அழிச்சதுன்னு தனி குற்றம் ஆயிடும், அத விட மோசம், நமக்கு சாதகமான ஆதாரமும் அதோட போயிடும். போலீஸ் எடுத்து வெச்சிருக்கிறது 40 செகண்டு துண்டா இருக்கும், அதுல "விடமாட்டோம்"னு மட்டும் கேக்கும், நீங்க வெச்சிருக்கிற முழு வீடியோவுல அதுக்கு முன்னாடி "கலெக்டர்கிட்ட மனு குடுத்தோம், நாளைக்கு தஞ்சாவூர்ல உண்ணாவிரதம், யாரும் கல்லெடுக்காதீங்க"ன்னு அவரே சொல்லியிருப்பாரு. கோர்ட்டு பேச்ச முழுசாத்தான் பாக்கணும், துண்டா இல்ல. எடுத்த போன்ல ஒரிஜினல் ஃபைல் அப்படியே இருக்கட்டும், வாட்ஸ்அப்ல அனுப்பினது அமுங்கிப் போன காப்பி. கோர்ட்டுல தாக்கல் பண்ண புது சாட்சிய சட்டம் 63ன் கீழ ஒரு சான்றிதழ் வேணும், எடுத்தவங்க யாருங்கிறத குறிச்சு வைங்க. போன போலீஸ் எடுத்தா மகஜர், அதான் பறிமுதல் பண்ணத எழுதற தாள், அதோட காப்பி கேளுங்க, போனோட ஐஎம்இஐ அடையாள நம்பர் அதுல இருக்கணும், பறிமுதல வீடியோ எடுக்கணும்னு புதுச் சட்டம் சொல்லுது.

"அப்பாவையும் தூக்கிடுவாங்களா, நெலத்த எடுத்துக்குவாங்களா"ன்னு வீட்டுப் பொம்பளைங்க கேப்பாங்க, இந்த பயம் இந்த மண்ணுல புதுசு இல்ல. கொள்ளிடத்துக்கு வடக்க காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயில் சுவர்ல ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி ஆண்டு கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஆதித்த கரிகாலன கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரப் போட்டு, அவங்க சொத்து மட்டும் இல்லாம, பிள்ளைங்க, பொண்ணு குடுத்த மாமனார், தாய்மாமன், கூடப்பிறந்த பொண்ணுகள கட்டினவங்கன்னு உறவு உறவா வரிசை வெச்சு அத்தன பேர் சொத்தையும் எடுக்கச் சொல்ற உத்தரவு அது. கல்யாணம் பண்ணி வந்த ஒரே காரணத்துக்காக நெலம் போச்சு. இன்னைக்கு சட்டம் அப்படி இல்ல. 152ல சொத்து பறிமுதல் கிடையாது. அவர் வேணும்னே செஞ்சாருன்னு அவர் மேலதான் காட்டணும், அண்ணன் தம்பிய "அவன் வர வரைக்கும் உக்காரு"ன்னு ஸ்டேஷன்ல வெக்கறது சட்டவிரோதம். அப்படி வெச்சா அந்த நேரத்தையும் நோட்டுல எழுதுங்க.

இனி பெயில். 152ல ஆயுள் வரைக்கும் இருக்கிறதால மேஜிஸ்ட்ரேட்கிட்ட கெடைக்கறது கஷ்டம், பெண்கள், உடம்பு முடியாதவங்களுக்கு மட்டும் ஒரு வாசல் இருக்கு. நேரா மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டுக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதான் சிஆர்பிசிக்கு பதிலா வந்த சட்டம், அதோட 483ல மனு, அங்க இல்லன்னா ஹைகோர்ட்டு. இங்க நம்ம டெல்டாவுல ஒரு குழப்பம் வரும், கவனிங்க: தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டக் கேஸ்னா மதுரை கிளை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர்னா சென்னை. பாதையில ஒரு வாய்க்கால தாண்டினா கோர்ட்டு மாறிடும், அதனால ஊர் எந்த மாவட்டம்னு பாக்காதீங்க, எஃப்ஐஆர் போட்ட ஸ்டேஷன் எந்த மாவட்டம்னு பாருங்க. மறியல் நடந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கமா இருக்கலாம்.

90 நாளுக்குள்ள சார்ஜ்ஷீட் போடலன்னா பெயில் உரிமையாவே வரும், ரிமாண்ட் ஆன நாளையும் சேத்து எண்ணுங்க, காலண்டர்ல வட்டம் போடுங்க. அந்த நாள் முடிஞ்ச மறுநாள் காலைல கோர்ட்டு தெறந்ததும் மனு உள்ள போகணும், சாயந்தரம் பாத்துக்கலாம்னு விட்டா மத்தியானம் சார்ஜ்ஷீட் வந்துடும், உரிமை போயிடும். கூடவே ஊபா போட்டிருந்தா அது 180 நாள் வரைக்கும் நீளும், பெயிலும் ரொம்ப இறுகிடும், அதுக்கு அந்தச் சட்டம் தெரிஞ்ச வக்கீல்தான் வேணும். இன்னொரு ஆபத்து, பெயில் வரப்போற நேரத்துல கலெக்டர் உத்தரவுல குண்டர் சட்டம் போடறது, விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வெக்கலாம். 2017ல எரிவாயு, எண்ணெய் எடுக்கறத எதுத்த நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டத்துக்காக நோட்டீஸ் குடுத்த ஒரு மாணவி மேல சேலத்துல போட்டாங்க, அந்த செப்டம்பர்லயே ஹைகோர்ட்டு ரத்து பண்ணிடுச்சு. அந்த உத்தரவு வந்தா ஆவணக் கட்டு முழுசா தமிழ்ல குடுத்தாங்களான்னு பாருங்க, உடனே ஆட்சேப மனு அனுப்புங்க, அது லேட்டா பரிசீலனை ஆனாலே உத்தரவு உடையும்.

ஜாமீன்தாரங்கள இப்பவே பேசி வைங்க. வழக்கமா ரெண்டு பேர், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ, ஒருத்தர் ரத்த சொந்தமா இருந்தா நல்லது. பெயில் உத்தரவு வந்தும், கையெழுத்து போட ஆள் பயந்து வராததால உள்ளயே கெடக்கிறவங்க இருக்காங்க. ஜாமீன் போட்டா நம்ம மேலயும் கேஸ் வரும்னு நெனைக்கிறாங்க, வராது, அவர் வாய்தாவுக்கு வரலன்னா பத்திரத்துல போட்ட பணத்துக்குத்தான் பொறுப்பு. உப்பு சத்தியாகிரகத்துல ராஜாஜி கூட வேதாரண்யத்துக்கு நடந்து போனவங்களுக்கு சோறு போட்டா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் மெரட்டியும் வழியெல்லாம் சோறு போட்ட ஊருங்க இது, ஒரு ஜாமீன் கையெழுத்துக்கு பின்வாங்க வேண்டியதில்ல. வெளிய வந்ததும் தெனமும் காலைல 10:30க்கு ஸ்டேஷன்ல கையெழுத்துன்னு கண்டிஷன் இருக்கும், அறுவடை நாளா இருந்தாலும் ஒரு நாள் கூட விடாதீங்க, கொஞ்ச நாள் ஒழுங்கா போட்டதும் தளர்வு மனு போடலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு நகைய அடகு வெக்கிறதுக்கு முன்னாடி மாவட்ட கோர்ட்டு வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க. காவல்ல இருக்கிறவங்க, பெண்கள், எஸ்சி, எஸ்டி இவங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு.

கடைசியா ஒண்ணு, இத பல பேர் கேக்கறதே இல்ல. 7வது அத்தியாயக் குற்றம் எதுவா இருந்தாலும் மத்திய அரசோ மாநில அரசோ முன்கூட்டியே அனுமதி குடுக்காம கோர்ட்டு அத விசாரணைக்கு எடுக்கவே முடியாது, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 217ல இருக்கு. சார்ஜ்ஷீட் காப்பி கைக்கு வந்ததும் அந்த அனுமதி உத்தரவு இருக்கான்னு பாருங்க, தேதி என்ன, கையெழுத்து போட்டவர் உங்க பையன் பேசின பேச்ச படிச்சுத்தான் குடுத்தாருன்னு அதுல தெரியுதா, இல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிச்ச தாளான்னு பாருங்க. அனுமதி இல்லன்னா அந்த செக்சன்லேர்ந்து விடுவிக்கச் சொல்லி அதே கோர்ட்டுல மனு போடலாம், மொத்த கேஸையும் ரத்து பண்ணச் சொல்லி 528ல ஹைகோர்ட்டுக்கும் போகலாம், எந்த ஹைகோர்ட்டுன்னு ஸ்டேஷன் மாவட்டத்த வெச்சு முடிவு பண்ணிக்குங்க.